வளைந்த கண்ணாடி மேல் மெட்டாலென்ஸ்: தூணை விட வரைபடம் முக்கியம்

கேள்வி இதுதான்: தட்டையான தகட்டில் மெட்டாலென்ஸ் (அலைநீளத்தை விடச் சிறிய தூண்களை வைத்து ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) வடிவமைக்கத் தெரியும், எந்தத் தூண் ஒளி அலையை எவ்வளவு தாமதப்படுத்தும் என்று சொல்லும் நானோ தூண் நூலகமும் கையில் இருக்கிறது, இப்போது ஆய்வு வழிகாட்டி அதையே வளைந்த கண்ணாடிப் பரப்பில் செய்யச் சொல்கிறார். பழைய கட்ட வரைபடத்தை (எந்த இடத்தில் அலையை எவ்வளவு தாமதப்படுத்த வேண்டும் என்ற வரைபடத்தை) அப்படியே எடுத்து வளைவின் மேல் ஒட்டினால் போதுமா? தட்டையாக இருப்பதுதான் இந்த லென்ஸின் பெருமை என்றால் அதை ஏன் வளைக்க வேண்டும்?

முதல் கேள்விக்குப் பதில், போதாது. இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் எதற்காக வளைக்கிறோம் என்று தெரியாமல் இதில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தேவையில்லாத சிரமத்தைத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

சும்மா ஆகாயத்தில் பேசாமல் ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். அலைநீளம் 850 நானோமீட்டர், விட்டம் 10 மி.மீ., குவியத் தொலைவு 50 மி.மீ. வெகு தொலைவிலிருந்து வரும் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்க வேண்டும், அவ்வளவுதான். தூண்கள் அமார்ஃபஸ் (படிகமல்லாத) சிலிக்கான், சுமார் 600 நானோமீட்டர் உயரம், ஒன்றுக்கொன்று 400 நானோமீட்டர் இடைவெளி. சதுர வலையாக வைத்தால் மொத்தம் ஏறத்தாழ 49 கோடி தூண்கள். மையத்துக்கும் ஓரத்துக்கும் இடையே உள்ள பாதை வித்தியாசம் கால் மில்லிமீட்டர், அதாவது 294 அலைகள். ஒவ்வொரு அலைக்கும் ஒரு வளையம் என்று வரும், கடைசி வளையத்தின் அகலம் எட்டரை மைக்ரான், அதற்குள் இருபது தூண்கள் வரிசையாக நிற்கும். ரொம்ப நிதானமான லென்ஸ், பயமுறுத்தும் எண்கள் எதுவும் இல்லை.

இதைத் தட்டையாகச் செய்தால் நேர் எதிரே இருக்கும் புள்ளிக்குக் குவியம் பிரமாதமாக இருக்கும். கோளப்பிறழ்ச்சி, அதாவது மையக் கதிரும் ஓரக் கதிரும் வேறு வேறு இடத்தில் குவியும் பிழை, சுத்தமாக பூஜ்யம், காரணம் ஒவ்வொரு தூணுக்கும் குவியப் புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டு, அதற்குத் தகுந்த கட்டத்தை நாமே கொடுக்கிறோம். ஆனால் ஒளி 2 டிகிரி சாய்ந்து வந்தால் போதும், ஓரத்தில் ஒரு முழு அலை அளவுக்குக் கோமா என்ற பிழை வந்துவிடும். புள்ளி வால் நட்சத்திரம் மாதிரி இழுபடும். ஹார்வர்டில் ஃபெடரிகோ கபாஸோ குழு 2011-இல் தங்க ஆன்டெனாக்களை வரிசையாக வைத்து ஒளிவிலகல் விதியைப் பொதுமைப்படுத்திய பிறகு வந்த, இப்படி ஒரே பரப்பில் குவிக்கும் தட்டை லென்ஸ்களுக்கு இந்த நோய் உண்டு. 2016-இல் அதே குழு டைட்டானியம் டையாக்சைடு தூண்களை வைத்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியில், 0.8 எண் துளை (ஒளியை எவ்வளவு அகலமான கூம்பாகக் குவிக்கிறது என்பதன் அளவு) கொண்ட லென்ஸைக் காட்டியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதிலும் அச்சை விட்டு விலகினால் இதே கதைதான்.

மருந்து பழையது. ஆபேயின் சைன் நிபந்தனை சொல்வது என்னவென்றால், கோமா இருக்கக் கூடாது என்றால் கதிர் எந்த உயரத்தில் நுழைகிறதோ அந்த உயரம், குவியத் தொலைவை வெளியேறும் கோணத்தின் சைனால் பெருக்கியதாக இருக்க வேண்டும். தட்டைப் பரப்பில் அது டேன்ஜென்ட்டாகிவிடுகிறது, சைனாக இருப்பதில்லை. சைனாக வேண்டுமானால் கதிர் திரும்பும் இடமே ஒரு கோளத்தின் மேல் இருக்க வேண்டும், அந்தக் கோளத்தின் மையம் குவியப் புள்ளியிலேயே இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 50 மி.மீ. ஆரமுள்ள மெல்லிய கிண்ணம், குழிந்த பக்கம் குவியத்தைப் பார்த்தபடி. கிண்ணத்தின் எந்த இடத்திலிருந்து அளந்தாலும் குவியம் சரியாக 50 மி.மீ. தூரத்தில் இருக்கும், அதனால் ஒளி சற்றுச் சாயும்போது வரும் பக்கம் கூடும் பாதையும், போகும் பக்கம் குறையும் பாதையும் ஒன்றையொன்று அப்படியே தின்றுவிடும். வெல்ஃபோர்டு இதை 1973-இலேயே ஹோலோகிராம் லென்ஸ்களுக்கு எழுதிவிட்டார். கபாஸோ குழு 2013-இல் மெட்டாசர்ஃபேஸ்களுக்கு, அதாவது இப்படி நானோ அமைப்புகள் பதித்த பரப்புகளுக்கு, அதை மறுபடி எடுத்துக் காட்டியது.

கட்ட வரைபடமும் மாறும். தட்டைப் பரப்பில் நாம் கொடுக்கும் பாதை வித்தியாசம் என்பது குவிய இருமடியோடு ஆர இருமடியைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, குவியத் தொலைவைக் கழிப்பது. கிண்ணத்தில், குவியத் தொலைவிலிருந்து குவிய இருமடிக்கும் ஆர இருமடிக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைக் கழிப்பது, அதாவது கிண்ணத்தின் அந்த இடத்து ஆழமே விடை. இரண்டும் மையத்தருகே ஒன்றுபோல இருக்கும், ஆரத்தின் நான்காம் படியில் ஒன்று கழித்தல், மற்றது கூட்டல். ஆக, பழைய வரைபடத்தை வளைவில் ஒட்டினால் கோளப்பிறழ்ச்சியை நாமே காசு கொடுத்து வாங்குகிறோம்.

இதற்காக ரொம்பவும் பூரிக்க வேண்டாம். அஸ்டிக்மாடிசம், கண் மருத்துவர் சிலிண்டர் என்று சொல்வாரே அது, வளைத்தாலும் போகாது. 2 டிகிரியில் மூன்றில் ஒரு அலைதான், பொறுத்துக்கொள்ளலாம். 5 டிகிரிக்குப் போனால் இரண்டு அலைக்கு மேல் ஏறிவிடும், ஏனென்றால் அது கோணத்தின் இருமடியாக வளரும். அகலமான பார்வை வேண்டுமென்றால் வளைப்பதை விட, முன்னால் ஒரு துளையோ அல்லது இரண்டு மெட்டாசர்ஃபேஸ்களோ வைப்பதுதான் வழி. அதை இரண்டு பக்கமும் தட்டையான ஒரே தகட்டில் கச்சிதமாகச் செய்யலாம். வளைந்த ஒற்றைப் பரப்பு, குறுகிய பார்வையில் கூர்மையாக இருக்க வேண்டிய இடத்துக்கு ஏற்றது.

வளைப்பதற்கு இரண்டாவது காரணம் நிறம், என் பார்வையில் இதுதான் நடைமுறையில் அதிகம் பயன்படும். விளிம்பு விளைவை (நுண்ணிய அமைப்புகளில் பட்டு ஒளி அலை வளைந்து பரவுவதை) நம்பி வேலை செய்யும் எந்த லென்ஸிலும் அலைநீளம் கூடினால் குவியத் தொலைவு குறையும். சாதாரணக் கண்ணாடி லென்ஸில் இதற்கு நேர் எதிர். ஆபே எண்ணில் (நிறங்களை எவ்வளவு பிரிக்கிறது என்பதன் அளவு, எண் சிறிதானால் பிரிப்பு அதிகம்) சொன்னால் பிகே7 என்ற வழக்கமான லென்ஸ் கண்ணாடிக்கு 64, விளிம்பு விளைவு லென்ஸுக்குக் கழித்தல் 3.45. இந்த இரண்டையும் சேர்த்து நிறத்தைச் சமன் செய்தால் மொத்தக் குவிக்கும் திறனில் 95 சதவீதத்தைக் கண்ணாடியும் வெறும் 5 சதவீதத்தை மெட்டாசர்ஃபேஸும் சுமக்க வேண்டும் என்று வரும். ஐந்து சதவீதம்! அதாவது தூண்கள் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான், வளையங்கள் அகலமாக இருக்கும், தயாரிப்புப் பிழைகளுக்கும் தாராளமாக இடமிருக்கும். கண்ணாடி லென்ஸுக்கு ஏற்கெனவே வளைந்த பரப்பு இருப்பதால் அதன் மேலேயே தூண்களை ஏற்றினால் தனியாக ஒரு தகடு மிச்சம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நிறத்தை மட்டும் சரிசெய்வதுதான் நோக்கம் என்றால் மெட்டாசர்ஃபேஸ் தேவையே இல்லை. வைர முனையால் கடைந்து ரம்பப்பல் வளையங்களை வளைந்த பரப்பிலேயே வெட்டும் தொழில்நுட்பம் பல ஆண்டுகளாக இருக்கிறது, கேனான் 2001-இலேயே 400 மி.மீ. கேமரா லென்ஸில் விளிம்பு விளைவு அடுக்கை வைத்து விற்றது. தளவிளைவைப் (ஒளி அலை அதிரும் திசையைப்) பிரிக்க வேண்டும், அல்லது வளையங்கள் அலைநீள அளவுக்கு நெருங்கிப்போய் ரம்பப்பல் ஒளியைச் சிதறடிக்கத் தொடங்கிவிட்டது, அல்லது லென்ஸைத் தொடாமல் அதன் செயலை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் தூண்களுக்கு வாருங்கள். இதை வழிகாட்டியிடம் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது, இரண்டாம் ஆண்டில் கேட்டால் சங்கடம்.

"அதன் செயலை மட்டும் மாற்றுவது" என்றேனே, அதற்குச் சரியான உதாரணம் கால்டெக்கில் ஆந்த்ரே ஃபராவோன் குழு 2016-இல் செய்தது. 915 நானோமீட்டருக்கான அமார்ஃபஸ் சிலிக்கான் தூண்களைத் தட்டைத் தகட்டில் செய்தார்கள், கீழே கரையக்கூடிய ஜெர்மானியம் அடுக்கு. தூண்களைச் சுற்றி பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரை ஊற்றி இறுக வைத்து, ஜெர்மானியத்தைக் கரைத்து, தூண்கள் பதிந்த ரப்பர் படலத்தை உரித்து எடுத்து உருளை லென்ஸ் மேல் ஒட்டினார்கள். உருளை லென்ஸ் ஒளியைக் கோடாகத்தான் குவிக்கும் அல்லது விரிக்கும். படலம் ஒட்டிய பிறகு அதே லென்ஸ் ஒளியைப் புள்ளியாகக் குவித்தது. பரப்பின் வடிவம் ஒன்று, ஒளிக்கு அது செய்வது வேறு.

அவர்கள் ஏன் கோளத்தை விட்டு உருளையை எடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள், முழு விஷயமும் அதில் இருக்கிறது. காகிதத்தை உருளை மேல் சுற்றலாம், கசங்காது. தேங்காயைக் காகிதத்தில் சுற்றிப் பாருங்கள், புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு விழும். கௌஸ் 1827-இல் நிறுவியது இதைத்தான்: நீட்டாமல் சுருக்காமல் தட்டையைக் கோளமாக்க முடியாது. எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதை மட்டும் நாம் தேர்ந்தெடுக்கலாம். நம் 50 மி.மீ. கிண்ணத்தில் 5 மி.மீ. தள்ளிப் போனால் ஓர வட்டத்தின் சுற்றளவு தட்டையில் இருந்ததை விட 0.17 சதவீதம் குறைவு, நீளத்தில் 52 மைக்ரான். ரப்பர் அதை முனகாமல் விழுங்கிவிடும். அதுவே 20 மி.மீ. ஆரமுள்ள கோளத்தில் 10 மி.மீ. தூரம் போனால் 4 சதவீதம், இரண்டரை மில்லிமீட்டர் உபரி, மடிப்பு நிச்சயம்.

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வந்த முக்கியமான இடம். 0.17 சதவீதச் சுருக்கம் தூணுக்கு என்ன செய்யும்? 400 நானோமீட்டர் இடைவெளி 399.3 ஆகும். தூண் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அதனால் இந்தப் பிழையை எல்லோரும் ஒதுக்கிவிடுகிறார்கள், நாங்களும் ஒதுக்கினோம். ஒளியியல் மென்பொருளில், உதாரணமாக ஸீமாக்ஸின் பைனரி 2 பரப்பில், கட்டம் என்பது அச்சிலிருந்து உள்ள நேர் தூரத்தை வைத்து எழுதப்படும், அதாவது மேலிருந்து பார்க்கும்போது தெரியும் ஆரம். ஆனால் தட்டையில் செய்து ஒட்டும் படலத்துக்கு வேண்டியது பரப்பின் மேல் ஊர்ந்து அளக்கும் வில் நீளம். 5 மி.மீ. ஆரத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 8.3 மைக்ரான். கடைசி வளையத்தின் அகலம் எட்டரை மைக்ரான் என்று முதலில் சொன்னேன் அல்லவா? ஒரு முழு வளையமே இடம் மாறிப் போகிறது, ஓரத்தில் ஒரு முழு அலைப் பிழை. எங்கள் முதல் மாதிரியில் குவியம் மங்கலாக வந்தபோது மூன்று வாரம் எட்சிங்கையும் (தூண்களை அரித்துச் செதுக்கும் வேலையையும்) தூணின் அகலத்தையும் குறை சொல்லிக்கொண்டிருந்தோம், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தூண்கள் எல்லாம் அணிவகுப்பு மாதிரி அழகாக நின்றன, பிழை மாஸ்க்கை, அதாவது தூண்களை அச்சிடும் வரைபடத்தை, வரைந்த நிரலில் ஒரே ஒரு வரியில் இருந்தது.

ஆக, நுணுக்கம் தூணில் இல்லை, குவிந்து சேரும் இடப்பெயர்ச்சியில் இருக்கிறது. ஒரு தூண் ஒரு நானோமீட்டர் நகர்ந்தால் ஒன்றுமில்லை, 12,500 தூண்கள் வரிசையாக ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்தால் லென்ஸே மாறிவிடும்.

சுவாரசியமான பக்கக் கதை: இந்தக் குழப்பம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஹென்றி ரோலண்ட் 1880-களில் பால்டிமோரில் குழிந்த உலோக ஆடியின் மேல் கீற்றணி (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நெருக்கமான கோடுகள்) வரைந்தார், தனியாக லென்ஸே தேவைப்படாத நிறமாலைமானிக்காக. அவருடைய இயந்திரத்தின் திருகு நேர்கோட்டில் நகரும், அதனால் கீற்றுகள் வில்லின் மேல் சம இடைவெளியில் விழவில்லை, நாணின் மேல்தான் சம இடைவெளி. அதிர்ஷ்டம் என்னவென்றால் ஒளியியலுக்கு வேண்டியதும் அதுதான். நமக்கு அந்த அதிர்ஷ்டம் தயாரிப்பு முறையைப் பொறுத்தது: மேலிருந்து கற்றையால் நேரடியாக வளைவின் மேல் எழுதினால் நேர் ஆரம், படலமாக ஒட்டினால் வில் நீளம். எந்த முறை என்று முடிவு செய்யாமல் மாஸ்க் வரையவே முடியாது.

ரப்பர் படலத்துக்கு இன்னொரு வியாதி உண்டு. சூட்டில் இறுகிய பிடிஎம்எஸ், உரித்து அறை வெப்பத்துக்கு வந்ததும் ஒன்று முதல் இரண்டு சதவீதம் சுருங்கும். படலத்தின் அளவு மாறினால் குவியத் தொலைவு அதன் இருமடியாக மாறும். இதை வேண்டுமென்றே பயன்படுத்தி, ஃபராவோன் குழுவே படலத்தை இழுத்து 600 மைக்ரான் குவியத்தை 1400 வரை கொண்டுபோயிருக்கிறது. நமக்கு அது வினை. ஒன்றரை சதவீதம் சுருங்கினால் 50 மி.மீ. குவியத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் போய்விடும். நம் லென்ஸின் குவிய ஆழமோ இரு பக்கமும் 42 மைக்ரான்தான், அதற்குள் நிற்க வேண்டுமென்றால் அளவுப் பிழை 0.04 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எனவே மாஸ்க்கின் ஓரங்களில் சிலுவைக் குறிகள் வைத்து, உரிப்பதற்கு முன்னும் பின்னும் அவற்றின் இடைவெளியை அளந்து, அந்தச் சுருக்கத்தை அடுத்த மாஸ்க்கில் முன்கூட்டியே பெருக்கிக்கொள்ள வேண்டும். ரப்பர் ஒரு டிகிரிக்கு 0.03 சதவீதம் விரியும் என்பதால் ஒட்டும் அறையின் வெப்பநிலையையும் குறித்துவையுங்கள். கண்ணாடியில் முழுமையாக ஒட்டிய பிறகு பரவாயில்லை, மெல்லிய படலம் கண்ணாடியின் பேச்சைத்தான் கேட்கும்.

ஒட்டாமல் நேரடியாக வளைவில் எழுதலாமே என்றால், எழுதலாம், ஆனால் நம் கிண்ணத்தின் ஆழம் ஓரத்தில் கால் மில்லிமீட்டர். எலக்ட்ரான் கற்றையின் குவிய ஆழம் சில பத்து மைக்ரான்தான், எனவே உயரத்துக்கு ஏற்ப கற்றையைத் திரும்பத் திரும்பக் குவிக்க வேண்டும். சிப் தொழிற்சாலையின் ஸ்டெப்பரில், அதாவது ஒளியால் அச்சிடும் இயந்திரத்தில், அந்த ஆழம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, நினைக்கவே வேண்டாம். போன்களின் தூர உணரிகளில் மெட்டாசர்ஃபேஸ்கள் 2022 முதல் லட்சக்கணக்கில் வரத் தொடங்கியதற்குக் காரணமே அவை தட்டையாக இருந்து அந்த ஸ்டெப்பர்களில் அச்சாவதுதான். வளைத்த நிமிடமே அந்த மலிவை இழக்கிறோம். ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2021-இல் ஒழுங்கற்ற வளைவுள்ள ஆடியின் மேலேயே எலக்ட்ரான் கற்றையால் எழுதி, மெட்டாஃபார்ம் என்று பெயரிட்டு, தலையில் மாட்டும் திரைக் கண்ணாடிகளுக்காகக் காட்டினார்கள். முடியும், ஆனால் ஒரு ஆடிக்கு எவ்வளவு இயந்திர நேரம் என்று கேட்காதீர்கள். நடுவழி, மென்மையான அச்சை முத்திரை போல அழுத்திப் பதிக்கும் நானோ இம்ப்ரின்ட், அதிலும் அச்சு நீள்வதால் மேலே சொன்ன கணக்கு அப்படியே திரும்பி வரும்.

நேரடியாக எழுதும்போது இன்னொரு சின்ன விஷயம்: ரெசிஸ்ட்டை (கற்றை பட்ட இடத்தில் மாறும் பூச்சை) சுழற்றிப் பூசினால் வளைவில் தடிமன் சீராக வராது. எட்சிங் செய்யும் அயனிகள் மேலிருந்து நேராக இறங்குவதால் தூண்கள் எல்லாம் வானத்தைப் பார்த்து நிற்கும், பரப்புக்குச் செங்குத்தாக நிற்காது. ஒட்டிய படலத்தில் தென்னந்தோப்பு மாதிரி சரிவுக்கு ஏற்பச் சாய்ந்து நிற்கும். சிமுலேஷனில் எது உங்கள் நிலை என்று பார்த்துப் போடுங்கள்.

தூண் நூலகத்தைப் பற்றிக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் அது அவ்வளவு முக்கியமில்லை என்பதுதான். நம் கிண்ணத்தின் ஓரச் சரிவு 5.7 டிகிரி, அந்தக் கோணத்தில் உயர் ஒளிவிலகல் எண் கொண்ட தூண் ஒளியைத் தனக்குள் கொண்டுசெல்லும் குட்டை அலைவழிகாட்டி மாதிரி நடந்துகொள்ளும், ஒளி நேராக விழுவதற்குச் செய்த நூலகமே போதும். சரிவு 20 டிகிரியை நெருங்கினால் கோணத்துக்குக் கோணம் நூலகம் செய்யுங்கள், இரண்டு தளவிளைவுகளுக்கும் தனித்தனியாக. அங்கே இரண்டும் வேறு வேறு கட்டம் கொடுக்கத் தொடங்கும். அதற்கும் மேல் சரிந்தால் ஒவ்வொரு இடத்தையும் தட்டையாகப் பாவிக்கும் இந்த முறையே ஆட்டம் காணும். பொதுவான வளைந்த எல்லைகளுக்குப் புல நிபந்தனைகளை எழுதும் கணிதத்தை பிரான்ஸில் பாத்ரீஸ் ஜெனெவே குழு வளர்த்திருக்கிறது, அதைப் படியுங்கள்.

தூணின் அகலத்தை மாற்றாமல் அதைச் சுழற்றிக் கட்டம் கொடுக்கும் முறையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. இது பஞ்சரத்னம் 1956-இல் பெங்களூரில் கண்டுபிடித்த கட்டம், சி.வி. ராமனின் சகோதரி மகன் அவர், அப்போது அவருக்கு இருபதுகளின் தொடக்கம். இதில் கட்டம் என்பது ஒளியின் திசைக்குக் குறுக்கான தளத்தில் தூண் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதன் இரு மடங்கு. சரிந்த பரப்பில் வரைந்த கோணமும் அந்தத் தளத்தில் தெரியும் கோணமும் ஒன்றல்ல, சரிவு கூடக் கூட விலகும். சுழற்சிக் கோணத்தைப் பரப்பில் கணக்கிடாமல், ஒளியின் தளத்தில் கணக்கிட்டுப் பரப்புக்குக் கொண்டுவாருங்கள்.

வேலையின் வரிசை என்று கேட்டால் நான் இப்படித்தான் போவேன். கண்ணாடியின் வளைவை முதலில் அளந்துகொள்வேன், விற்பவர் தாளில் இருக்கும் எண்ணை நம்ப மாட்டேன். தூண் எதுவும் இல்லாமல் வெறும் கட்டப் பரப்பாக வைத்துக் கதிர்களை ஓட்டி லென்ஸ் சரியா என்று பார்ப்பேன். பிறகு தயாரிப்பு முறைக்குத் தகுந்த நீளத்துக்கு வரைபடத்தை மாற்றி, அதை மறுபடியும் எதிர்த்திசையில் மாற்றி, முதல் வரைபடம் திரும்பி வருகிறதா என்று சோதிப்பேன். எங்கள் மூன்று வாரம் இந்த ஐந்து நிமிடச் சோதனையில் மிச்சமாகியிருக்கும். தூண்களை அதற்குப் பிறகுதான் நிரப்புவேன். மாதிரி கையில் வந்ததும் முதலில் குவியத் தொலைவை மட்டும் அளப்பேன். அது ஒரு சதவீதம் தள்ளியிருந்தால் படலம் அரை சதவீதம் நீண்டிருக்கிறது அல்லது சுருங்கியிருக்கிறது. குவியத் தொலைவு சரியாக இருந்து புள்ளியைச் சுற்றி வட்டமான மங்கல் இருந்தால் வில் நீளக் கணக்கில் பிழை. வால் நீண்டால் படலம் மையம் விலகி ஒட்டியிருக்கிறது. இந்த மூன்றும் இல்லாமல் வெளிச்சம் மட்டும் குறைவு என்றால், அப்போது போய் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தூண்களைப் பாருங்கள்.